முதல் வாய்

விரலில் தேங்காய்ப்பால் கருகிய வாசனை. உன் நினைப்பில் வழியில் ஒரு துண்டு இனிப்பு வாங்கித் தின்ற வினை. குழாயடியில் கழுவினேன், வேட்டியில் துடைத்தேன், போகவில்லையப்பா. நீ போனபின் முதல்முறையாக யாங்கோன் கோயில் திருவிழாவுக்குத் தவிலோடு வந்தவன், இன்று தின்கன்ஜூன் பகுதியில் உன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று கையை மோந்து மோந்து பார்த்தேன். மேலே உன் மனைவி. என்ன கேட்பாளோ?

சந்தேகம் என் பிறவிக்குணம், உனக்குத் தெரியாததா? ஊர் ஊராய் வாசிக்கப் போகிறவனுக்கு வயிறுதான் முதல் எதிரி. நாம் முதன்முதலில் சேர்ந்து வாசித்த வருஷம், உன் நாகஸ்வரத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஊரைக் காட்டுகிறேன் என்று என்னை இழுத்துப் போனாய். டீக்கடையில் உட்கார்ந்ததுதான் தாமதம், கேட்காமலேயே சமோசா, கேக் என்று தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. பக்கத்து மேசைக்காரன் முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டைக் குவித்துச் சத்தமிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பரிமாறுறவனைக் கூப்பிடுறான்யா. இங்கே அப்படித்தான்" என்றாய்.

"சரி, இத்தனை தட்டு எதுக்கு?"

"தின்னதுக்கு மட்டும் காசு. தொடாததை எடுத்துக்கிட்டுப் போய் அடுத்த மேசையில வைப்பான்."

அட கடவுளே! அப்படியானால் இந்தச் சமோசா காலையிலிருந்து எத்தனை மேசை பார்த்திருக்கும்? நான் கையைக் கட்டிக்கொண்டேன். நீ சிரித்தபடி ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டாய். "முதல் வாய் எனக்கு. நான் உசுரோட இருந்தா நீ தின்னு."

அன்று முழுக்க அதே கதை. மோஹிங்கா கடையில் மீன்குழம்பு ஒரு கரண்டி உனக்கு, மீதி எனக்கு. ஊறவைத்த தேயிலையில் ஒரு சிட்டிகை உனக்கு, மீதி எனக்கு. ஆனால் அலோன் படகுத்துறைப் பக்கம் ஓர் அம்மா கரியனலில் மேல்பக்கம் சிவக்கச் சுட்டு விற்ற சன்வின்மக்கின், தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய அந்த ரவை இனிப்பு, வந்ததும் உன் முதல் வாய் முடியவே இல்லை. "இன்னும் சரியாத் தெரியலையே" என்று பாதித் தட்டைக் காலி செய்தாய். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

"யோவ், உனக்குச் சர்க்கரை இருக்கா?"

"வீட்டுல கேட்டா மோஹிங்கான்னு சொல்லு."

வாசலிலேயே உன் மனைவி உன் வலது கையைப் பிடித்து மோந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே தின்னீங்க?"

"மோஹிங்காதான் தங்கச்சி."

சந்தேகம் வந்தால் அவளுக்குத் தமிழ் நின்று பர்மியம் வரும். "ஹொக்லா?" அப்படியா என்று இழுத்தாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கேள்வி, அதே மோஹிங்கா. சர்க்கரை முதலில் உன் காலை எடுத்தது, பிறகு உன்னையே எடுத்தது. நீயும் சேர்ந்துதானே கொன்றாய் என்று அவள் கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்ல?

ஏறினேன். கதவைத் திறந்தாள். என் வலது கையைப் பிடித்து மோந்தாள்.

"என்னண்ணே தின்னீங்க?"

பழகிய வாய், தானாகவே சொன்னது. "மோஹிங்காதான் தங்கச்சி."

'ஹொக்லா'வுக்காகக் காத்து நின்றேன். அவள் கேட்கவில்லை. கையை விடவும் இல்லை. மூக்கோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைக்கும் வாங்கண்ணே. கை கழுவாம வாங்க."