டிக் சார் எழுந்து நின்ற நாள்

என் ராசாத்திக்கு,

நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னை அடக்கிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். எதற்கும் கட்டம் பார்த்து டிக் அடிப்பாரே, அந்த டிக் சாரை ஞாபகம் இருக்கிறதா, அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களுக்கு நான் நடத்திய விடுதியை மூடவைத்த அந்த மதிப்பீட்டு அதிகாரி. புருஷனிடம் திரும்பிப் போனவள் எல்லாம் தோல்வி என்பது அவர் விதி. போனவள் மறுபடி அடிபட்டால் ஓடிவர ஓர் இடம் வேண்டுமே, அதுதானே சார் எங்கள் வேலை என்று கெஞ்சினேன். "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்று பேனாவை மூடிவிட்டார். அப்படித் திரும்பிப் போயிருந்த தையல்காரி மறுபடி ஓடிவந்தபோது வாசலில் பூட்டு தொங்கியது. அவளை நான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த மனுஷனை மறக்கவில்லை, மறக்க ஆசைப்படவும் இல்லை.

இப்போது ஓய்வு பெற்று, குடியை விட நினைக்கும் ஆண்களுக்கு ஒரு மையம் நடத்துகிறார். அதை மதிப்பிடும் குழுவில் என்னைப் போட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுபடி குடித்தவன் எல்லாம் தோல்வி என்று அவர் பாணியிலேயே எழுதினால் கதை முடிந்தது. தையல்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், குடித்துவிட்டு வந்தவனைத் துரத்தாமல் படுக்கவைத்திருக்கிறார். என்ன சார் இது என்றேன். "விழுறவன் திரும்பி வர ஒரு எடம் வேணும்லம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்று எனக்கு இல்லாத கட்டம் இன்று அவருக்கு முளைத்துவிட்டது.

எங்கள் குழு விதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வருகிறவனுக்கு மரியாதை இருக்கிறதா, பாதிக்கப்படுகிறவர் பேச்சு எடுபடுகிறதா, யாருக்காவது ஆபத்து கூடுகிறதா, இப்படிக் கேட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வழி. மரியாதையில் குறை சொல்ல முடியவில்லை, தேடித்தேடிப் பார்த்தேன். அடுத்ததில் மாட்டினார். அந்த ஆண்களின் மனைவிகளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தையல்காரி வீடுவீடாகப் போய்க் கேட்டாள், புருஷன் எப்போது வந்து நிற்பானோ என்று நடுங்கிக்கிடக்கிறார்கள். மையம் தொடரட்டும் என்றுதான் எழுதினேன், ஆனால் மனைவிகள் குழு சம்மதிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அந்தக் குழுவுக்குத் தையல்காரி தலைவி என்றும் எழுதினேன். நியாயம்தானே, எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அது தித்தித்தது என்பதும் உண்மை.

அந்த மனைவிகள் குழுவின் முதல் கூட்டத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், அவர் எழுந்து நின்று பதில் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பி, "இந்தப் பக்கமா சொல்லுங்க சார், அந்தக் காது கேக்காது" என்றாள். ஏன் என்று கேட்டார். பூட்டிய வாசலில் நின்ற கதையைச் சொன்னாள். மனுஷன் மேசையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்ச் செம்பு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் நகர்த்தவில்லை.

இவ்வளவு வன்மம் ஆகாது என்கிறார் அப்பா. நீயும் அதையே எழுதி அனுப்பாதே. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே, நேரத்துக்குத் தூங்கு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் போகிறேன், முன்வரிசையில்.

மனம் இன்னும் ஆறாத,
உன் அம்மா