முள்ளில் வைத்த அரக்கு

பிபிலை
4 மார்ச் 1974

அன்புள்ள குசுமா,

நீ மாத்தறைக்கு, அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். "மாஸ்டர், நோனா எப்ப வருவா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். பொய் சொல்லி அலுத்துவிட்டது.

அன்று நம் வீட்டில் கட்சிக் கூட்டம் நடக்கையில் நீ அடுப்படியில் இந்திப் பட மெட்டில் அமைந்த சிங்களப் பாட்டை முனகினாய். தோழர் மார்ட்டின் சிரித்தார்: "என்ன தோழர், பம்பாய்க்காரன் உங்கட குசினிக்குள்ளயே வந்திட்டானே!" எனக்கு மானம் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் உன் ரேடியோவைத் தூக்கி யாருக்கோ கொடுத்தேன். கடன் வாங்கிய மெட்டு ஏழைகளை மயக்கி வைக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் மாறவில்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை, குசுமா.

புது ரேடியோ வாங்கி உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடு.

அன்புடன்,
சிறிசோம

மாத்தறை
15 மார்ச் 1974

அன்புள்ள உங்களுக்கு,

ரேடியோவைத் தம்பி கையில் பார்த்ததும் அழுதுவிட்டேன். பிறகு திருகிப் பார்த்தேன். முள் நகரவில்லை. அந்த மாதிரிப் பாட்டே போடாத தேசிய சேவையில் நிறுத்தி, தபால் பார்சலுக்கு வைக்கிற சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றியிருக்கிறீர்கள். "அத்தானுக்கு என்ன விசரோ?" என்றான் தம்பி.

மே தின ஊர்வலத்தில் செருப்பு அறுந்தும் உங்களோடு ஆறு மைல் நடந்தவள் நான். வேலைநிறுத்தத்துக்கு என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். இவள் என்ன பாட்டுக் கேட்கிறாள் என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. தேங்காய் துருவுகிற கால் மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதற்குமா உங்கள் கூட்டத்தில் கை தூக்க வேண்டும்?

ரேடியோ திரும்பி வருகிறது. நான் வரவில்லை.

குசுமா

பிபிலை
9 ஜூன் 1974

என் குசுமா,

ரேடியோ திரும்பி வந்த பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டில் நியாயம் பேசினேன், அவற்றை மறந்துவிடு.

அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டேன். சாயங்காலத்தில் சினிமாப் பாட்டு வரும் வர்த்தக சேவையைப் போட்டுவிட்டு நானே தேங்காய் துருவுகிறேன். மார்ட்டின் வந்தார். "என்ன தோழர் இது?" என்றார். "குசுமாவின்ர பாட்டு" என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். போகட்டும்.

அன்று நீ முனகிய பாட்டு நேற்று வந்தது. முதல் அடி வாயில் நிற்கிறது, இரண்டாவது அடி பிடிபடவில்லை. எழுதி அனுப்பேன். உன் குரலில் கேட்டால் இன்னும் நல்லது.

உன் சிறிசோம

மாத்தறை
20 ஜூன் 1974

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் தேங்காய் துருவுவதை நினைத்துச் சிரித்தேன். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே என்னை யாரும் தடுப்பதில்லை. அக்கா தானே ரேடியோவைப் போட்டு என் பக்கத்தில் வைக்கிறாள். பாட்டுத் தொடங்கியதும் என் கண் வாசலுக்குப் போய்விடுகிறது, யார் வருகிறார்களோ என்று. கை தானாகவே நிறுத்திவிடுகிறது. வீட்டை விட்டு வந்தும் இது போகவில்லை. அங்கே வந்தால் போகுமா, சொல்லுங்கள்.

இரண்டாவது அடியை மூன்று நாளாய் யோசிக்கிறேன். எனக்கும் வரவில்லை.

குசுமா