றெஜினா பிழைக்கட்டும்

டோகா

அன்புள்ள மாமிக்கு,

மாதா புண்ணியத்தில நான் சுகம். உங்கட முழங்கால் நோ இப்ப எப்படி?

வவுனியாப் பெடியள் செய்யிற நாடகத்தை வேலைக்குப் போகேக்க கேக்கிறனான். பாதிக் கதை றேடியோவில போகுது. மீதி, மீன் விக்கிற றெஜினா புருசனுக்கு அனுப்புற குரல் மெசேஜா வட்ஸ்அப்பில வருது. அவளுக்கு வருத்தம் முத்திச் சாகக் கிடந்ததும், அவள் பிழைக்கிறதா இல்லையா எண்டு நாடகம் கேக்கிற சனத்தையே பேசி அனுப்பச் சொன்னவை. எலக்ரோனிக்ஸ் படிச்ச எனக்கே பெரிய ஆச்சரியம். ஊரே சேர்ந்து சொல்லுற கதையை நூல் அறாமல் கோத்திருக்கினம்.

போன கிழமை அந்தக் குரல்களைப் போட்டவை. ஒரு கிழவர், "அவள் செத்தால் எனக்கு ஆர் மீன் வெட்டித் தாறது?" எண்டார். சிரிச்சிட்டன். அடுத்து, பேர் சொல்லாத ஒரு அம்மா.

"அந்தப் பிள்ளையை எழுப்பி விடுங்கோ தம்பி. என்ர மகள் செத்துப் போனது காணும், இன்னொண்டு வேண்டாம்."

உங்கட குரல் எனக்குத் தெரியாதா மாமி?

நேற்று றெஜினா எழும்பிப் புருசனுக்கு நல்ல ஏச்சுக் குடுத்தவள்.

என்ர கிருசாந்தினியின்ர நம்பர் வெட்டுப்படாமல் ரீலோட் போடுங்கோ. அவளின்ர போனைச் சார்ஜிலேயே வையுங்கோ. நான் சிலவேளை எடுப்பன். நீங்கள் தூக்காதேங்கோ, அடிச்சு ஓயட்டும்; அவள் குசினியில வேலையா நிக்கிறாள் எண்டு நினைச்சுக்கொள்ளுவன்.

பஸ் வந்திட்டுது.

உங்கட மருமகன்
யூட்