வேவு பார்க்க ஆறு டேப்லெட்

ஜனவரி 11

பைப் லோடு வந்து இறங்கியது. கடையில் நல்ல வியாபாரம். வீட்டில் மூக்கறுப்பு.

மகளின் ரோபோ அணிக்கு ஆறு டேப்லெட் வாங்கிப் போனேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "வேணாம்ப்பா, பேப்பர்லயே எழுதிக்கிறோம்" என்கிறாள்.

போட்டியில் மற்ற அணிகளின் ரோபோ எத்தனை பந்து போட்டது, எங்கே மக்கர் செய்தது என்று ஆளுக்கு ஒன்றைப் பார்த்துக் குறிப்பதுதான் வேவு. கடைசிச் சுற்றில் எந்த அணியோடு கூட்டு சேர்வது என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். வேவுக்குத் தலைவி இவள். பள்ளியில் கடைசி வருஷம். மிச்சமிருக்கும் இரண்டு போட்டியில் ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும். பேப்பராம். கடையில் கம்ப்யூட்டர் வைத்து பில் புத்தகத்தையே தூக்கிப் போட்டவன் நான்.

ஜனவரி 14

பயிற்சியாளரிடம் பேசினேன். டேப்லெட்தான் என்று முடித்துவிட்டார். விவரமான மனிதர்.

ஜனவரி 15

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "நான் சொன்னது சரியா தப்பான்னு சார் யோசிக்கவே இல்ல. நீங்க செலவு பண்றீங்க, தலையாட்டிட்டார்." அப்படியே அவள் அம்மா வாய். கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா?

ஜனவரி 25

முதல் போட்டி. தோற்றோம்.

வேவுக்கு ஒரு பிள்ளை வரவில்லை; நானே உட்கார்ந்தேன். நான் குறிக்க வேண்டியது இடது ஓரத்தில் நிற்கும் ரோபோ என்று டேப்லெட் திரை காட்டியது. குனிந்து தட்டவே நேரம் போதவில்லை, நிமிர்ந்து எங்கே பார்ப்பது? எல்லோரும் தட்டியதைச் சேர்த்து டேப்லெட் போட்ட பட்டியலில் மஞ்சள் ரோபோ கடைசியில் வந்தது. அது நன்றாகத்தான் போட்டது, தான் பார்த்ததாக மகள் வாதாடினாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் பயிற்சியாளர். மஞ்சளை விட்டு வேறொன்றைச் சேர்த்தோம். அது நடு மைதானத்தில் சிலையாக நின்றது. மஞ்சள் எதிரணியில் சேர்ந்து எங்களைத் துவைத்துப் போட்டது. போட்டி நடத்துபவர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரி 26

காலையில் மகள் கேட்டாள்: "அப்பா, நேத்து எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"ஃபேன் பக்கம்."

மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எதிர்ப்பக்கமாம். ஃபேன் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும். மஞ்சளுக்குப் பதிலாக வேறொரு தகர டப்பாவுக்குத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பேப்பரா இருந்தா உங்க கையெழுத்தைப் பாத்து அந்தத் தாளை மட்டும் உருவியிருப்பேன். இதுல யார் தட்டினதுன்னே இல்ல."

தட்டியவன் பெயர் கேட்காத கணக்கு ஒரு கணக்கா? என் கடையில் யார் பில் போட்டாலும் பெயர் விழும். எவன் செய்தான் இந்தச் செயலியை?

பயிற்சியாளரைப் போனில் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன். அவர் பரவாயில்லை சார், பரவாயில்லை சார் என்று குழைந்தார். அதுதான் எரிச்சல். "நான் டேப்லெட்டைத்தான் வாங்கினேன், உங்க அணியை இல்ல. தலைவி அவதானே? அவ சொல்றதைக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 27

மகள் தன் சீருடையோடு என் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 8

இரண்டாவது போட்டி. ஆட்டம் நடக்கும்போது பேப்பர். முடிந்ததும் அணியில் ஒரு பெண் உட்கார்ந்து அதை டேப்லெட்டில் ஏற்றுவாள். மகளின் ஏற்பாடு. டேப்லெட்டை ஒதுக்கவில்லை, கவனித்தேன்.

என்னையும் வேவுக்குப் போட்டிருக்கிறாள். தாளின் தலையில் 'எழுதுபவர்: அப்பா'. அதன் கீழே ஒரு கட்டம்: 'எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?'

பக்கத்துப் பிள்ளைகளின் தாள்களை எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம் என் தாளில் மட்டும்தான். என்ன கொழுப்பு.

'உன் பக்கம்' என்று நிரப்பினேன்.