வாசலில் விட்ட செருப்பு

ஓகஸ்ட் 12, செவ்வாய். கிங்ஸ்பரி.
காலையிலிருந்து தூறல். தீவிலிருந்து வந்து இரண்டு நாள். மூன்று மெஷின் உடுப்புத் தோய்த்தாச்சு. இவருடைய கால்சட்டைப் பைக்குள் இன்னும் மணல்.
என் செருப்பை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

ஓக. 13
எழுதினாலாவது ஆறுமா பார்ப்போம்.
மலாவி ஏரிக்குள் தீவு. கடற்கரை போல வெள்ளை மணல், தண்ணீரில்தான் உப்பில்லை. மேட்டில் அந்தக் காலத்து மிஷன்காரர் கட்டிய பென்னம்பெரிய தேவாலயம். பழக்கதோஷம், வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். அங்கே ஒருவரும் கழற்றுவதில்லை. கவனிக்கவில்லை.
உள்ளே ஒரு மணித்தியாலம் படம் எடுத்துவிட்டு வந்தால் செருப்பைக் காணோம். நான் உள்ளே போகும்போது முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணையும் காணோம். "அவள்தான் எடுத்திருப்பாள்" என்று தேவாலயப் பொறுப்பாளரிடம் சொன்னேன். நானே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். எல்லோருக்கும் முன்னால் பொறுப்பாளர் அவளை ஏசினார். அவள் எங்கள் விடுதிப் பக்கம் கையைக் காட்டினாள். யார் அதைக் கவனித்தது? தலை குனிந்து நின்றாள்.
லண்டன் வந்த புதிதில் ஒரு கடையில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அப்படி நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.
விடுதியில், அறை வாசலில் செருப்பு. மண் துடைத்து, சோடியாக. நான் மறந்துவிட்டுப் போனதாக நினைத்துக் கொண்டுவந்து வைத்தாளாம். சமையல்காரி சொன்னாள்.
"திரும்பிப் போய்ச் சொல்லுவமப்பா."
இவர்: "கப்பல் வெளிக்கிடப் போகுது. செருப்புக் கிடைச்சிட்டுதெல்லே, விடப்பா."
விட்டேன். கப்பல் இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் போனது.

ஓக. 16, சனி
வெம்பிளியில் பிறந்தநாள் விருந்து. ரோல்ஸ் நல்லது, கேக் ஒரே சீனி.
இவர் தொடங்கிவிட்டார்: "கோயில் வாசலிலை இவவின்ரை செருப்பை அடிச்சுப்போட்டாங்கள்!"
"அங்கையும் அப்பிடியோ?" ஒரே சிரிப்பு.
செருப்புக் கிடைத்த கதையை இவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சேர்ந்து சிரித்தேன். வெட்கம் கெட்டவள்.

ஓக. 17, ஞாயிறு
வெயில். கறிவேப்பிலை வாங்க மறந்தாச்சு.
விடுதிக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன், தேவாலயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லி. இவர் எட்டிப் பார்த்தார்.
"இனி என்னத்துக்கு?"
"அவவை வேலையாலை நிப்பாட்டியிருந்தால்?"
தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.
பிழை என்னுடையது என்று முதல் வரி. அது வந்துவிட்டது. இரண்டாவது வரியில் அவளுடைய பெயர் வேண்டும்.
நான் கேட்கவேயில்லை.