கேள்வி எனக்கு, பதில் உனக்கு

என் செல்வி மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பருப்புக் குழம்பு வைத்திருக்கிறாள். அண்ணன் உள்ளே கிடக்கிறான், தூங்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதுதான் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

நீ போய் இவ்வளவு நாளாகியும் எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுரு தாயி, உள்ளுக்குள்ளயே வச்சிருக்காத" என்கிறாள் அம்மா. உள்ளே ஒன்றும் இருந்தால்தானே வெளியே வர! பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துக் கிடக்குமே, அப்படிக் கிடக்கிறேன். உப்பு உறைப்புகூடத் தெரியவில்லை. நேற்றுக் குழம்பில் உப்பே இல்லையாம், அண்ணன் சொல்லித்தான் தெரியும். அதையாவது சொன்னானே என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஊர்ப்பட்ட பேர் வந்து விசாரித்தார்கள். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்றதுமே அடுத்த கேள்வி, "வெடியா?" என்பதுதான். இல்லை, வேன் என்றால், "வேனா?" என்று திரும்பக் கேட்கிறார்கள். நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போன சூலக்கரை ஆபீசிலும் ஒருவர், "எந்த ஷெட்டும்மா?" என்றுதான் தொடங்கினார். "ஷெட் இல்ல சார், ரோடு" என்றேன். அவருக்கு வேறு பேப்பர் எடுக்க வேண்டியிருந்தது.

வெடிமருந்துக்கு நாம் எம்புட்டுப் பயந்தோம் மதினி! கொலுசைக் கழற்றினோம், செருப்பை வாசலில் விட்டோம், பருத்திச் சேலை தவிர வேறு கட்டியதில்லை. வேன் கதவு சரியாகச் சாத்தாது என்பதும், அதைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு யார் பயந்தோம்? உனக்குக் குமட்டும், காற்று வேண்டும் என்று கதவோரம்தான் உட்காருவாய். எதிரே வந்த லாரிக்கு டிரைவர் ஒதுங்கினார், கயிறு அறுந்தது. அவ்வளவுதான். நான் உனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வேனில்தானே நம் இங்கிலீஷ் எல்லாம் நடந்தது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனிக்கு, வாசல் மேஜையில் உட்கார இங்கிலீஷ் பேசத் தெரிந்த இரண்டு பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் நீதான் துள்ளினாய். "ஏ மாரி, ரெண்டு பேராம்லா! நமக்குன்னே எழுதி வச்சிருக்கான்." பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு என் அண்ணனையே கட்டிக்கொண்டு மதினி ஆனவள். ஆபீசிலும் அடுத்தடுத்த நாற்காலி என்று நினைத்துவிட்டாய்.

கம்பெனியில் வேலையைப் பிரித்துக்கொண்ட மாதிரியே இங்கிலீஷையும் பிரித்துக்கொண்டோம். அங்கே குழாயில் நீ மருந்து அடைப்பாய், நான் திரி வைப்பேன். ஒருத்தி வேலையை ஒருத்தி தொட மாட்டோம், அப்போதுதான் வேகம் வரும். இங்கிலீஷிலும் கேள்வி எனக்கு, பதில் உனக்கு. சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் கடைக்குப் போனால்கூட அப்படித்தான். நீ ஏறி சீட் பிடிப்பாய், நான் கண்டக்டரிடம் "ரெண்டு" என்பேன்.

தமிழில் எதில் போனாலும் ஒரு 'ல' போதும். பஸ்ல, கார்ல, வண்டில. இங்கிலீஷ்காரனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். பொதுவாக எதில் போகிறாய் என்றால் 'பை பஸ்'. இந்த பஸ்ஸுக்குள் இருக்கிறேன் என்றால் 'ஆன் த பஸ்'. காருக்கு 'இன்'. வேனில் நாம் போனில் பார்க்கிற பாடத்தில் ஒரு டீச்சர், உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தால் 'ஆன்', தலை இடித்தால் 'இன்' என்று சொன்னதும் நீ வேனின் கூரையை அண்ணாந்து பார்த்தாய். "அப்ப நம்ம வேன் 'இன்'னா 'ஆன்'னாடீ? தலை இடிக்கி. ஆனா சீசன்ல பாதிப் பேரு நின்னுட்டுதான் வாரோம்." வேனே சிரித்தது. பின்சீட்டு முனியம்மாக்கா, "அப்ப நான் ஊர்லருந்து வேன் ஏற வார லோடு ஆட்டோவுக்கு கூரையே கிடையாதே, அதுக்கு என்னத்தச் சொல்லுவ?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாய். அக்கா இன்னும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்ல?

நடந்து போவதற்கு 'ஆன் ஃபுட்' என்றபோது உனக்குக் கோபமே வந்துவிட்டது. "நம்ம கால் மேல நாமளே ஏறியா போறோம்? கூறு கெட்ட பயலுக."

நாம் எழுதிப் போட்டிருந்த காலண்டர் கம்பெனியிலிருந்து, நேரில் வரச் சொல்லிப் போன் வந்தது, மதினி. உன் பேரையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். நான் போக மாட்டேன் என்றேன். அதே வாரம் வேன்காரரும் போன் செய்தார். "என்னம்மா, திங்கக்கிழமை வாரீகளா? இல்லன்னா வேற ஆளு ஏத்தணும். கதவெல்லாம் புதுசா மாட்டியாச்சு." புதுக்கதவு. அதைக் கேட்டதும் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "எம் புள்ள வராது" என்று சொல்லிவிட்டாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அந்த வேனைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

போனேன். காலண்டர் ஆபீசில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் உட்காரச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. பேர், ஊர், படிப்பெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்து, தினமும் ஆபீசுக்கு எப்படி வருவாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

என் கேள்வி, மதினி. வேனில் தினமும் நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. நான் பாட்டுக்கு இடப்பக்கம் திரும்பி நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவும் கேட்டார். நான் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகவோ பயமாகவோ இல்லை. நீ யோசிக்கிறாய், இதோ சொல்லிவிடுவாய் என்று மட்டும்தான் இருந்தது.

"யாரைம்மா பாக்கீக?" என்று தமிழில் கேட்டார்.

"எங்க மதினிய. பதில் அவுகதான் சொல்லுவாக" என்றேன்.

அவர் முன்னாலிருந்த பேப்பரில் உன் பேரைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னேன். நல்ல வேளை, வெடியா என்று கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். பிறகு, "சரி, நான் ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர்க்காரி. என்னக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான், என் வாய் தானாக ஓடியது. எப்படி வந்தீர்கள், ரயிலிலா, காரிலா, வண்டி காத்திருக்கிறதா, எப்போது திரும்புகிறீர்கள். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. வருகிறவர்களைக் கேட்பதுதான் அந்த மேஜையில் வேலையாம். வேலை கொடுத்துவிட்டார்கள்.

உன் நாற்காலியில் திருத்தங்கல் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, சோற்றைப் பங்கு வைத்துத்தான் சாப்பிடுகிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

ஒன்றே ஒன்றுதான், மதினி. டவுன் பஸ்ஸில் ஏறுகிறேன். கண்டக்டர் வருகிறார். என் வாய் "ரெண்டு" என்கிறது. பொம்பளைகளுக்குத்தான் காசு கிடையாதே, அவரும் யோசிக்காமல் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு வாரமாக இதேதான். நேற்றுத்தான் நின்று, "ரெண்டு ரெண்டுனு வாங்குதியேம்மா, இன்னொரு ஆளு எங்க?" என்று கேட்டார்.

கேள்வி என்னிடம் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. "வரல" என்றேன். அவ்வளவு சின்னப் பதில். சொன்னதும் கம்பியைப் பிடித்தபடியே அழுதேன், மதினி. பஸ்ஸே பார்த்தது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பி வாங்கவில்லை. இறங்கியதும் மறுபடி மரத்துப் போய்விட்டது.

உன் பதில்களையும் நானே படித்துக்கொள்கிறேன். டிக்கெட்டும் ஒன்றுதான் கேட்பேன். நாளைக்கு வேண்டாம், நாளைக்கு மட்டும் உனக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக் கூடாது என்பாள் அம்மா. புதன்கிழமை "ஒண்ணு" என்று சொல்கிறேன். சத்தியமாக.

இப்படிக்கு,
உனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த உன் நாத்தனார்,
மாரி