வேண்டுதல் இல்லாத பயணம்

அக்கா,

பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறினால் உன் நினைவு வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி திவ்யா என் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த உன் நைலக்ஸ் புடவையை உருவி எடுத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் கையகல மஞ்சள் பூப் போட்டதே, அதுதான். நீ போன பிறகு உன் மகள் நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். நான் ஒரு நாளும் கட்டியதில்லை. ரயிலடிவரைக்கும் தெரிகிற நிறத்தை உடுத்திக்கொண்டு நடக்க எனக்கு உன் துணிச்சல் ஏது?

"ஆயா, செம விண்டேஜ்!" என்று கத்தினாள்.

"அப்படின்னா இன்னாடி?"

"பழசு. ஆனா கடையில வாங்கப் போனா புதுசவிட விலை ஜாஸ்தி."

"உங்க பெரிய ஆயா இத மொதமொதல்ல கட்டிக்கினு வந்தப்போ, எங்க மாமியார் இன்னா கேட்டாங்க தெரியுமா? 'கல்யாணப் பந்தல கழட்டி சுத்திக்கினு வந்துட்டியா'ன்னு கேட்டாங்க."

திவ்யா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்தாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளும் அவள் கம்பெனித் தோழிகள் இருவரும் ஒரு பழைய அம்பாசிடர் காரை வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். எல்லாமே அந்தக் காலத்துப் பாணியில் ஒரு பயணமாம். அந்தக் காலத்துப் புடவை, பெரிய கண்ணாடி, ரோல் போட்டு எடுக்கிற கேமரா. போனில் வழி பார்க்கக் கூடாதாம். ஊட்டி, மகாபலிபுரம் வேண்டாமாம். யாரும் சுற்றிப் பார்க்கப் போகாத சின்னச் சின்ன ஊர்களாக வேண்டுமாம்.

"யாரும் போவாத ஊருன்னா, அங்க குடியிருக்கறவங்கல்லாம் யாருடி?" என்றேன்.

"ஐயோ ஆயா! உனக்குத்தான் இந்தப் பக்கம் எல்லா ஊரும் தெரியுமே. நீதான் பிளான் போட்டுத் தரணும்."

பார்த்தாயா அக்கா? சென்னையில் பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் வழி கேட்கிறாள். எனக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்துவிட்டது. ஆனாலும் அந்த ஊர்களை எனக்குக் காட்டியது யாரென்று எனக்குத் தெரியாதா?

நாம் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். நீ மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. அண்ணன் தம்பி இருவருக்கும் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை. சங்கு ஊதினால் ஒருவர் போவார், ஒருவர் வருவார். நமக்குச் சங்கும் கிடையாது, ஷிப்டும் கிடையாது. பெண்கள் ஊர் பார்க்கக் கிளம்புவது என்ற பேச்சே அந்த வீட்டில் இருந்ததில்லை. ஆனால் வேண்டுதல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுபேச்சு வராது. சாமிக்குக் குறுக்கே நிற்க மாமியாருக்கே பயம்.

அந்த வழியைக் கண்டுபிடித்தவள் நீ. என் மகனுக்கு வேனல் கட்டி உடைந்தால் பெரியபாளையம். உன் மகளுக்கு இருமல் நின்றால் திருவாலங்காடு. சாமியை நாம் ஏமாற்றவில்லை. எந்த ஊரிலும் முதலில் கோயில், அப்புறம்தான் ஊர். பெரியபாளையத்தில் கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கிற சின்ன ஆரணிக்குப் போய், தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் வேலை இருப்பதுபோல் நடப்போம். திருவாலங்காட்டில் ரயில் வந்தாலும் ஏறாமல், அடுத்த ரயிலுக்கு என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்போம். உனக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரை எல்லாம் நான் சத்தமாகப் படிப்பேன். "நீ படி, எங்க போறதுன்னு நான் சொல்றேன்" என்பாய்.

அப்படித்தான் ஒருமுறை திருவள்ளூர் பஸ் நிலையத்தில் 'பள்ளிப்பட்டு' என்று படித்தேன்.

"அங்க இன்னாடி கீது?"

"தெரியலக்கா."

"அப்ப போயே ஆவணும்."

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் நீ ஒரு கதையை அவிழ்த்தாய். பள்ளிப்பட்டு அம்மன் ரொம்பச் சக்தி வாய்ந்தவளாம். கம்பெனியில் கம்பி விழுந்து காயம்பட்ட உன் வீட்டுக்காரரின் கால் ஆறினால், அவருக்கு அங்கே மொட்டை போடுவதாக நீ வேண்டிக்கொண்டாயாம். அந்த ஊரில் அம்மன் இருக்கிறாளா என்பதே நம் இருவருக்கும் தெரியாது. மூத்தவர் கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது. நெற்றியில் ஒரு சுருளை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டாரே அவர்!

மாமியார் வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகினார். "நானும் வரேன். பெரிய வேண்டுதல்."

பஸ்ஸில் உன் பக்கம் சாய்ந்தேன். "அக்கா, அங்க அம்மன் இல்லன்னா இன்னாக்கா பண்றது?" என்று காதில் கேட்டேன். "அத்தாம் பெரிய ஊருல ஒரு அம்மன் இல்லாமயா பூடுவா? எறங்கி தேடிக்கலாம், கம்முனு வா" என்றாய். முன் சீட்டில் மூத்தவர் ஜன்னல் காற்றில் முடி கலையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

இறங்கினோம். பிறந்து வளர்ந்த ஊர்போல நீ விறுவிறுவென்று முன்னால் நடந்தாய். கடைத்தெருவில் பூக்காரம்மாவிடம் நின்று, "அம்மன் கோயிலுக்கு இப்படித்தானேம்மா போவணும்?" என்றாய்.

"எந்த அம்மன்?"

பக்கத்திலேயே மாமியார் நிற்கிறார். "அதான், சக்தி வாய்ந்த அம்மன்."

"எல்லாருமே சக்திதாம்மா. ஆத்தோரம் கீற கங்கம்மாவா, சந்தைகிட்ட கீறவளா?"

"கங்கம்மாதான்!" என்றாய், காலம் காலமாகக் கும்பிட்டவள்போல.

கோயில் சின்னது. வேப்பமரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும். பூசாரி வயதானவர். நாம் சொன்னதைக் கேட்டு அவரே திகைத்துப்போனார். "மொட்டையா? இங்க யாரும் மொட்டை போடறதில்லயே நைனா" என்று மூத்தவரைப் பார்த்துச் சொன்னார். மூத்தவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே!

"சாமியே வாணாங்குதும்மா. கும்புட்டுப் போயிடலாம்" என்றார் அவசர அவசரமாக.

"வேண்டினது வேண்டினதுதான்" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். பூசாரி கடைத்தெருவிலிருந்து ஒரு நாவிதரைக் கூட்டி வந்தார். நெற்றிச் சுருள்தான் முதலில் விழுந்தது. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் தலையில் சந்தனம் பூசினாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஆற்றுப் பக்கம் ஓடினேன். ஒன்று சொல்ல வேண்டும். கங்கம்மாதான் தன் காலைக் காப்பாற்றினாள் என்று மூத்தவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். யார் கண்டது, அவள்தானோ என்னவோ.

அதற்கப்புறம் மாமியாரைக் கடைத்தெருவிலிருந்து கிளப்ப நாம் பட்ட பாடு! வளையல் கடை ஒன்றையும் விடவில்லை. ஆந்திர எல்லை ஊர் அல்லவா, தெலுங்கில் விலை சொன்னவளிடம் தமிழிலேயே சண்டை போட்டார். பஸ் ஏறும்போது, "நல்ல ஊருடி" என்றார். பிறகு கொஞ்ச நாள் போனதும் அவரே கேட்க ஆரம்பித்தார்: "எதனா வேண்டுதல் பாக்கி கீதா?"

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு வழி சொன்னேன். திவ்யா தோழிகளையும் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்; மூவரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கவரைப்பேட்டையில் திரும்பி ஆரணி, பெரியபாளையம். ஊத்துக்கோட்டையில் காலை நாஷ்டா. திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு. கடைசியில் பள்ளிப்பட்டு. தறி ஓடுகிற தெருவில் எந்த வேளையில் நடக்க வேண்டும், வெயில் ஏறினால் எந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்பதுவரை சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு பெண் என் கன்னத்தைக் கிள்ளினாள். "கார்ல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, யாரைக் கூப்பிடலாம்?" என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஒருத்திக்கும் என் பெயர் தோன்றவில்லை அக்கா. தப்பாகச் சொல்லவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு நான் தெருமுனைக்கே போவதில்லை. என் மகன் விடுவதில்லை. அவர்களுக்கு எப்படித் தோன்றும்? ஆனால் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. காய் நறுக்கும்போதும் பள்ளிப்பட்டு, குளிக்கும்போதும் பள்ளிப்பட்டு. இந்த முறை போகாவிட்டால் இனி எந்தக் காலத்தில் போகப்போகிறேன்?

என்ன செய்தால் போகலாம் என்பது எனக்குத் தெரியாததா? முட்டி நல்லபடியாக ஆனதற்கு வேண்டுதல் என்று ஒரு வார்த்தை போதும். மகன் உடனே காரை எடுப்பான். ஆனால் எப்படி எடுப்பான்? கோயில் வாசலில் இறக்கி, அர்ச்சனை முடிந்ததும் ஏற்றி, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் கொண்டுவந்து விடுவான். ஊரைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். அதற்கு இங்கேயே டிவி இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் மகன் தோசைக்கு உட்கார்ந்தான். திவ்யாவும் இருந்தாள்.

"நைனா, நானும் போவணும். இவங்ககூட, அந்தக் கார்ல."

"எதனா வேண்டுதலாம்மா?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன். "ஒன்னும் இல்ல. சும்மா. ஊரப் பாக்கணும்."

"சும்மாவா? ஆபரேஷன் பண்ண முட்டிய வச்சிக்கினு சும்மா போறியா? பேஜாரு பண்ணாதம்மா. நோவு வந்தா அங்க யாரு பாக்கறது?"

"முட்டி என்னுது, நோவும் என்னுது. ஊட்டுல குந்திக்கினு நோவறது, பள்ளிப்பட்டுல போயி நோவட்டும்."

திவ்யாவுக்குப் புரையேறிவிட்டது. "அப்பா, முன் சீட்டு ஆயாவுக்கு!" என்று இருமிக்கொண்டே கத்தினாள். மகன் ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தான். மருமகள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"துணைக்கு நான் போறேன்" என்றாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "துணைக்குன்னு இல்ல. எனக்கும் சும்மா போவணும்" என்றாள்.

மருமகள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அத்த, கோச்சிக்காதீங்க. மாசாமாசம் பெரியபாளையம் வேண்டுதல்னு போறேனே... கும்புட்டதும் வந்துடலாம்தான். நானும் எதிரூட்டுப் பொண்ணும் அந்தப் பக்கம் தோப்புல குந்திக்கினு பேசிக்கினு இருப்போம். அதுக்குத்தான் நேரமாவுது."

"அடிப்பாவி! தேங்கா எடுத்துக் குடுத்து, புளிசோறு கட்டிக் குடுத்து அனுப்பிச்சனேடி!"

"சோறு நல்லா இருந்துச்சு அத்த."

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னோடு சேர்ந்து அத்தனை வேண்டுதல் சொன்ன என்னிடமே ஒருத்தி வேண்டுதல் சொல்லியிருக்கிறாள். நானும் நம்பிப் பையைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்தபோது ஒன்று உறைத்தது. அன்று பள்ளிப்பட்டில் பூக்காரம்மா "எந்த அம்மன்?" என்று கேட்டபோது மாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலைப் பையைத் துழாவினார். அவர் காதில் விழவில்லை, பிழைத்தோம் என்று நாம் நினைத்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தாரோ? என்னைப்போல ஏமாந்தவரா, எல்லாம் தெரிந்துதான் நம்மோடு பஸ் ஏறியவரா? அவர் இருக்கிற இடத்தில்தானே நீயும் இருக்கிறாய். கேட்டு வை.

மகன் கடைசியில், "போங்க. போன் அடிச்சா மட்டும் எடுத்துத் தொலைங்க" என்றான். காலையில் பார்த்தால், அந்தக் கார் டிரைவருக்கு போன் போட்டு, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மேடு பள்ளம் பார்த்து ஓட்டு என்று அதட்டிக்கொண்டிருக்கிறான்.

சனிக்கிழமை கிளம்புகிறோம் அக்கா. ஐந்து பெண்கள், ஒரு டிரைவர். தெரியாத ஊரில் இறங்கியதும் தயங்காமல் முன்னால் நடப்பது உன்னிடம் பார்த்துக் கற்றது. அது இந்த முட்டியிலும் பாக்கி இருக்கிறது. ஆசையை ஆசை என்றே சொல்வதை மட்டும் நானாக, இத்தனை வயசுக்கு மேல் கற்றுக்கொண்டேன். சொன்னதும் என் பின்னால் நிற்கப் பேத்தியும் மருமகளும் இருந்தார்கள்; நமக்கு அன்று அப்படி யாரும் இல்லை.

அந்த ஊர்களில் நம்மைப் போன்ற பெண்களைக் கண்டால் முதல் கேள்வி, எந்தக் கோயிலுக்கு என்பதுதான். கோயிலுக்குப் போவோம், முதலில் அங்கேதான் போவோம். ஆனால் கேட்கிறவர்களிடம், "சும்மா, உங்க ஊர பாக்க வந்தோம்" என்று சொல்லப்போகிறேன். அதைக் கேட்டு அவர்கள் முகம் எப்படி மலரும் என்று பார்க்க இப்போதே அவசரமாக இருக்கிறது.